பழுத்த புழுவும் உட்கருவுக்குள் போகும் கொழுப்பும்

போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "லிப்பிடுகளுக்குச் செல்லில் இரண்டே வேலை: சவ்வாக நிற்பது, சேமிப்பாகக் கிடப்பது" என்று எழுதிவிட்டேன். அந்த "இரண்டே" தவறு. லிப்பிட் என்கிற கொழுப்புக் குடும்பம், டி.என்.ஏ. இருக்கும் உட்கருவுக்குள்ளும் போய், மரபணுக்களை இயக்குவதில் கை கொடுக்கிறது. தர்மபுரி மாவட்டத்தில் 31 ஆண்டுகள் விலங்கியல் நடத்தினேன். கரும்பலகையிலும் அப்படித்தான் எழுதிப் போட்டேன். என்னிடம் படித்த யாராவது இதை வாசித்தால், அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருந்தால், அந்த வரியை அடித்துவிடுங்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறு அந்த வரியையே சுற்றி வந்தன. ஆறுக்கும் பதில் சொல்கிறேன்.

காரிமங்கலத்திலிருந்து பிளஸ் டூ மாணவி ஒருவர்: "டீச்சர், பள்ளியில் வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்தோம். மசித்த பழத்தில் உப்பும் பாத்திரம் விளக்கும் சோப்பும் கலந்து, வடிகட்டி, குளிர்ந்த ஸ்பிரிட்டை மெதுவாக மேலே ஊற்றினோம். வெள்ளை நூல் மிதந்து வந்தது. சோப்பு கொழுப்பைக் கரைக்கும் என்றார்கள். அப்படியானால் உட்கருவில் கொழுப்பு இருக்கிறதா? அங்கே அதற்கு என்ன வேலை?"

இருக்கிறது கண்ணு. வேலையும் நிறைய இருக்கிறது. முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் வீட்டில் கொழுப்பு என்றால் எண்ணெய், நெய், ஆட்டுக்கறியில் வெள்ளையாக ஒட்டியிருப்பது. லிப்பிட் என்பது அதைவிடப் பெரிய குடும்பம். தண்ணீரில் கரையாமல் எண்ணெயில் கரைகிற மூலக்கூறுகள் பலவும் அதில் சேர்த்தி. கொலஸ்டிரால், வைட்டமின் டி, சில ஹார்மோன்கள், சவ்வைக் கட்டும் பாஸ்போலிப்பிடுகள் எல்லாமே அந்த வீட்டுப் பிள்ளைகள்.

உட்கருவைச் சுற்றி ஒன்றல்ல, இரண்டு சவ்வுகள். ஒவ்வொரு சவ்வும் இரண்டு அடுக்கு லிப்பிட். மனிதச் செல் ஒன்றின் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அவ்வளவும் இந்த உறைக்குள்தான் மடிந்து கிடக்கிறது. நீ ஊற்றிய சோப்பு அந்த உறையைக் கிழித்தது, நூல் வெளியே வந்தது. உங்கள் ஆசிரியர் சொன்னது சரி.

டி.என்.ஏ.வின் கதை தொடங்கியதே இப்படிக் கொழுப்பைக் கழுவி ஊற்றியதில்தான். 1869-இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில், பழைய கோட்டையின் சமையலறையாக இருந்த இடத்தில், பிரெடரிக் மீஷர் என்ற இளைஞர் ஆஸ்பத்திரியில் தூக்கிப்போட்ட கட்டுத்துணிகளிலிருந்து சீழ் எடுத்தார். வெதுவெதுப்பான ஆல்கஹாலில் அதன் கொழுப்பை நீக்கினார். பன்றி இரைப்பையின் செரிமானச் சாற்றை விட்டுப் புரதத்தைக் கரைத்தார். கடைசியில் மிஞ்சியதற்கு நியூக்ளீன் என்று பெயர் வைத்தார். அதைத்தான் இன்று டி.என்.ஏ. என்கிறோம். அவர் செய்தது சரியான வழி. ஆனால் மரபணுவைப் பார்க்க வேண்டும் என்றால் கொழுப்பை முதலில் நீக்கு என்ற பழக்கம் வந்துவிட்டது. நீக்கியதற்கு உள்ளே என்ன வேலை இருந்தது என்று கேட்க நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

1987-இல் இத்தாலியின் லூசியோ கோக்கோ, இங்கிலாந்தின் ராபின் இர்வின் ஆகியோரின் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. எலியின் ரத்தப் புற்றுச் செல்களிலிருந்து உட்கருக்களைப் பிரித்தார்கள். நீ செய்ததைப் போலவே சோப்பு போன்ற பொருளால் அவற்றின் சவ்வை உரித்தார்கள். சவ்வே இல்லை என்றால் லிப்பிட் வேலை நின்றுவிட வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. உரித்த உட்கருவுக்குள் பாஸ்போஇனோசிடைடு என்ற லிப்பிட் வகை அப்போதும் தயாராகிக்கொண்டிருந்தது. அந்தச் செல்கள் ஹீமோகுளோபின் செய்யும் செல்களாக முதிரத் தொடங்கியபோது அந்தத் தயாரிப்பும் மாறியது. அதாவது, உள்ளே இருக்கும் லிப்பிட், செல் என்னவாகப் போகிறது என்பதோடு சம்பந்தப்பட்டது.

எப்படிச் சம்பந்தம் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். டி.என்.ஏ. நூல் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது, நூற்கண்டு மாதிரி. இறுகச் சுற்றிய இடத்தில் மரபணுவை வாசிக்க முடியாது. ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற சிறு ஒட்டு விழுந்தால் சுற்று தளரும், வாசிக்கலாம். அந்த ஒட்டைப் பிய்த்தெடுக்கவும் ஒரு நொதி உண்டு. 2009-இல் அமெரிக்காவில் சாரா ஸ்பீகலின் குழு, ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்ற லிப்பிட் உட்கருவுக்குள்ளேயே தயாராகி, பிய்த்தெடுக்கும் நொதியில் போய் ஒட்டி, அதன் கையைக் கட்டிவிடுகிறது என்று காட்டியது. ஒட்டு நிற்கிறது, சுற்று தளர்ந்தே இருக்கிறது, மரபணு திறந்திருக்கிறது. இந்த ஒட்டையும் நொதியையும் ஞாபகம் வைத்துக்கொள். கீழே களிக்கு வரும்போது மறுபடி வரும்.

"தண்ணீர் பிடிக்காத லிப்பிட், சவ்வு இல்லாத இடத்தில் எப்படி நிற்கும்?" என்று நீ அடுத்துக் கேட்பாய். நல்ல கேள்வி. எஸ்.எஃப்-1 என்று ஒரு புரதம், அட்ரினல் சுரப்பியின் மரபணுக்களை இயக்குவது. அது பாஸ்போலிப்பிடின் வால்களைத் தன் குழிக்குள் வாங்கிக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி வைத்திருக்கிறது. தண்ணீருக்குப் பயந்த பகுதி புரதத்தின் மடிக்குள் பத்திரமாக இருக்கிறது. படிக ஆய்வில் இதை அப்படியே பார்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த படம் அது.

பாலக்கோடு பக்கத்திலிருந்து பட்டுப்புழு வளர்க்கும் ஒருவர்: "டீச்சரம்மா, கடைசிப் பருவத்தில் நாலைந்து புழு பழுக்க ஆரம்பித்ததும் தழை மேல் ஒரு மருந்து தெளித்துப் போடச் சொல்கிறார்கள். மறுநாள் எல்லாப் புழுவும் ஒன்றாகப் பழுத்துவிடுகிறது. கூடு கட்ட வைக்கும் சந்திரிகைத் தட்டில் ஒரே நாளில் ஏற்றிவிடலாம், ஆள் கூலி மிச்சம். ஆனால் இத்தனை வேகமாக வேலை செய்கிறதே, அது விஷமா? புழுவுக்குள் என்ன செய்கிறது?"

அண்ணா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். எங்கள் அப்பாவும் புழு வளர்த்தவர். ஐந்தாம் பருவத்தில் ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் தட்டுகளிலிருந்து தழை கடிக்கும் சத்தம் வரும். காய்ந்த துவரஞ்செடிக்குள் யாரோ நடப்பதுபோல் இருக்கும். ஒரு நாள் அந்தச் சத்தம் குறையும். அப்பா எழுந்து போய், தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கும் புழுவை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். உடம்பு மஞ்சள் கண்ணாடிபோல் தெரிந்தால் "பழுத்திருச்சு" என்பார். அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. தழை தின்பதை விட்டுவிட்டு நூல் கட்ட வேண்டும் என்று புழுவுக்கு யார் சொன்னது என்று அப்போது நான் கேட்டதுண்டு. "அதுக்கே தெரியும்" என்றார் அப்பா. அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை உங்களுக்குச் சொல்கிறேன்.

சொல்வது ஒரு லிப்பிட். எக்டைசோன் என்று பெயர். கொலஸ்டிராலிலிருந்து செய்யப்படும் ஸ்டீராய்டு ஹார்மோன். புழுவின் மார்புப் பகுதியில் இருக்கும் ஒரு சுரப்பி அதைச் செய்கிறது. நான்கு முறை தோலுரிக்கும்போதும் அது சுரந்தது. கடைசியில் கூடு கட்டும்போதும் அதுதான் சுரக்கிறது. இளமை ஹார்மோன் என்று இன்னொன்று இருக்கிறது, அதுவும் லிப்பிட்தான். அது கூடவே இருந்தால் தோலுரித்து மறுபடி புழுவாகும். அது வற்றிய பிறகு எக்டைசோன் வந்தால் கூட்டுப்புழுவாகத் தயாராகும்.

இந்த ஹார்மோனை உலகத்துக்குக் கொடுத்ததும் பட்டுப்பூச்சிதான். 1954-இல் ஜெர்மனியில் புட்டெனான்ட், கார்ல்சன் என்ற இருவர் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்துப் பிரித்துப் பிரித்து, முடிவில் 25 மில்லிகிராம் எக்டைசோன் படிகத்தை எடுத்தார்கள். 25 மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய ஒரு நெல்மணியின் எடை. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் நின்று, குவியல் குவியலாகக் கூடு ஏலம் போவதைப் பார்க்கும்போதெல்லாம், இத்தனையிலிருந்து ஒரு நெல்மணி என்று நினைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய விஷயம். கைரோனோமஸ் என்று ஒரு கொசு மாதிரிப் பூச்சி உண்டு. தேங்கிய தண்ணீரின் அடிச் சேற்றில் சிவப்பாக நெளியுமே, அதன் புழு. அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் மிகப் பெரியவை, சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே பட்டை பட்டையாகத் தெரியும். 1960-இல் கிளெவரும் கார்ல்சனும் அந்தப் புழுவுக்குள் எக்டைசோனைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் குரோமோசோமின் குறிப்பிட்ட ஒரு இடம் உப்பி எழுந்தது. உப்பல் எழுந்தால் அந்த இடத்தில் மரபணுவின் கட்டு அவிழ்ந்து வாசிக்கப்படுகிறது என்று அர்த்தம். ஒரு ஹார்மோன் நேராக மரபணுவில் போய்ப் பேசுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த முதல் முறை அது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் புழு மனையில் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுக்காமல், புத்தகத்தில் மட்டும் சொல்லிக்கொடுத்தேனே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எப்படிப் பேசுகிறது என்பது 1991-க்குப் பிறகு தெளிவாயிற்று. உட்கருவில் எக்டைசோனுக்கென்று ஒரு ஏற்பிப் புரதம் இருக்கிறது. அது இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்து டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட எழுத்து வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஹார்மோன் வந்து ஏற்பியின் குழிக்குள் உட்கார்ந்தால் அதன் வடிவம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றம் போதும். வாசிக்கும் இயந்திரம் வந்து சேரும், அடுத்தடுத்து மரபணுக்கள் விழித்துக்கொள்ளும்.

நீங்கள் தெளிக்கும் மருந்தில் இருப்பது சில செடிகள் தாங்களே செய்துகொள்ளும் எக்டைசோன் வகை. புழு தழையோடு அதைத் தின்கிறது. தானாகச் சுரக்க இன்னும் சில மணி நேரம் ஆகும் புழுவுக்கும் உத்தரவு வெளியிலிருந்து வந்துவிடுகிறது. அதனால்தான் எல்லாம் ஒன்றாகப் பழுக்கிறது. விஷம் இல்லை. ஆனால் நேரம் முக்கியம் அண்ணா. முன்னாலேயே தெளித்துவிட்டால், தின்ன வேண்டிய தழையைத் தின்று முடிக்காமலே புழு கூடு கட்டப் போய்விடும். கூடு சிறுத்துப் போகும், எடை நிற்காது. நாலைந்து புழு தானாகப் பழுக்கும்வரை பொறுப்பது அதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூச்சிகளால் கொலஸ்டிராலைத் தாமாகச் செய்ய முடியாது. மல்பெரித் தழையில் உள்ள சிட்டோஸ்டிரால் என்ற செடிக் கொழுப்பை வாங்கித்தான் பட்டுப்புழு கொலஸ்டிரால் ஆக்கிக்கொள்கிறது. நீங்கள் வெட்டிப் போடும் தழையிலிருந்த ஒரு லிப்பிட், உருமாறி உருமாறி, புழுவின் உட்கருவுக்குள் போய்க் கூடு கட்டச் சொல்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து, மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதும் 54 வயது வாசகர்: "எனக்குக் கொலஸ்டிரால் அதிகம் என்று ஸ்டேட்டின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது ஜீன் வரைக்கும் போய் வேலை செய்யும் என்று மருமகன் சொன்னார். ஜீனையே மாற்றுகிற மாத்திரையா? பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?"

நிறுத்தாதீர்கள். உங்கள் மருமகன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும்.

மாத்திரை உங்கள் மரபணுவின் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. எந்தப் பக்கத்தை இப்போது வாசிக்க வேண்டும் என்பது மட்டும் மாறும். அது தினமும் சாப்பாட்டுக்குப் பிறகும் பட்டினியிலும் உங்கள் உடம்பு தானாகச் செய்துகொள்வதுதான்.

கல்லீரல் செல்லில் உட்கருவுக்கு வெளியே எண்டோபிளாச வலை என்ற சவ்வு மடிப்புகள் உண்டு. அந்தச் சவ்வில் எஸ்.ஆர்.இ.பி.பி. என்ற புரதம் கட்டிப் போடப்பட்டிருக்கிறது. அதற்குக் காவலாக இன்னொரு புரதம். அந்தச் சவ்வின் லிப்பிடுகளில் கொலஸ்டிரால் சுமார் 5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்வரை காவல் நகராது. அதற்குக் கீழே இறங்கினால், காவல் புரதம் கட்டிக்கிடப்பதைக் கூட்டிக்கொண்டு, செல்லுக்குள்ளேயே இருக்கும் கோல்கை உறுப்புக்குப் போகும். அங்கே இரண்டு நொதிகள் அடுத்தடுத்து வெட்டும். வெட்டி விடுபட்ட துண்டு நேராக உட்கருவுக்குள் போய், "கொலஸ்டிரால் குறைந்துவிட்டது, வெளியிலிருந்து பிடித்து வா" என்ற மரபணுவைத் திறக்கும். அதன் பலனாகக் கல்லீரல் செல்லின் மேல் கைகள் முளைக்கும்; எல்.டி.எல். ஏற்பிகள் என்று பெயர். அவை ரத்தத்தில் ஓடும் கொலஸ்டிராலைப் பிடித்து உள்ளே இழுக்கும்.

ஸ்டேட்டின் செய்வது, கல்லீரல் சொந்தமாகக் கொலஸ்டிரால் தயாரிக்கும் வரிசையில் ஒரு முக்கியமான நொதியை மட்டுப்படுத்துவது. செல்லுக்குள் கொலஸ்டிரால் குறைகிறது. காவல் நகர்கிறது. துண்டு உட்கருவுக்குப் போகிறது. கைகள் அதிகமாகின்றன. ரத்தத்தில் அளவு இறங்குகிறது. மாத்திரை தயாரிப்பைத்தான் குறைத்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்தது உங்கள் மரபணுக்களேதான்.

அந்தக் கைகளைக் கண்டுபிடித்ததற்காக அமெரிக்காவின் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். எஸ்.ஆர்.இ.பி.பி.யை அவர்கள் குழு கண்டது அதற்கும் பிறகு, 1993-இல். பரிசு வாங்கிய பின்னும் அதே கேள்வியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் வகுப்பில் எப்போதும் சொல்வேன். முதல் ஸ்டேட்டினைக் கண்டவர் ஜப்பானின் அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சோதித்து, 1973-இல் அரிசியில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து அதை எடுத்தார்.

தசைவலியோ, காரணம் தெரியாத சோர்வோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். நீங்களாக விட்டுவிட்டால் அந்தக் கைகள் குறைந்துபோகும், அளவு பழையபடி ஏறும்.

ஓசூரிலிருந்து ஒருவர்: "உட்கருவுக்கே கொழுப்பு வேண்டுமென்றால், நெய் அதிகம் சாப்பிட்டால் ஜீன் நன்றாக வேலை செய்யுமா?"

செய்யாது. சாப்பாட்டிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்கள் உட்கருவுக்குள் போவது உண்மை. தூக்கிச் செல்லப் புரதங்கள் உண்டு, பி.பி.ஏ.ஆர். என்ற ஏற்பிகளில் உட்கார்ந்து, கொழுப்பை எரிக்கும் மரபணுக்களையும் சேமிக்கும் மரபணுக்களையும் திறக்கின்றன. சர்க்கரை நோய்க்குத் தரும் பயோகிளிடசோன் வேலை செய்வதும் இந்த ஏற்பிகளில் ஒன்றின் வழியாகத்தான். ஆனால் கடிதம் போய்ச் சேர ஒரு தபால்தலை போதும். கட்டுக்கட்டாக ஒட்டினால் சீக்கிரம் போகாது. உட்கருவுக்கு வேண்டிய லிப்பிடுகளில் பெரும்பகுதியைச் செல் தானே செய்துகொள்ளும். நெய்யை ருசிக்கு விடுங்கள்.

பென்னாகரத்திலிருந்து ஒரு பாட்டிக்காகப் பேத்தி எழுதியது: "எங்கள் அவ்வா தினமும் ராகிக் களிதான். ராத்திரி மிஞ்சிய களியைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிப்பார். வெண்ணெயில் இருக்கும் சத்து களி தின்றால் வயிற்றுக்குள்ளேயே உண்டாகும் என்று எங்கோ வாசித்தேன். அப்படியா?"

கேட்க விசித்திரமாக இருந்தாலும் இதில் உண்மை இருக்கிறது. வெண்ணெய் நாள்பட்டுச் சிக்கு வாசம் அடிக்குமே, அந்த வாசம் பியூட்டிரிக் அமிலத்துடையது. நான்கே கார்பன் கொண்ட மிகக் குட்டையான கொழுப்பு அமிலம். ஆங்கிலத்தில் அதன் பெயரே வெண்ணெயிலிருந்து வந்தது. இதே பொருளை நம் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்களும் செய்கின்றன. அவற்றுக்கு வேண்டிய மூலப்பொருள் வெண்ணெய் இல்லை. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தும் மாவுச்சத்தும். ராகியில் நார் உண்டு. வேக வைத்த மாவு ஆறிக் கிடக்கும்போது அதில் ஒரு பகுதி மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறும். அது அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அவ்வாவின் பழைய களி, பாக்டீரியாவுக்குச் சாப்பாடு.

பெருங்குடல் சுவரின் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கியமான எரிபொருள். அதோடு நிற்கவில்லை. மேலே காரிமங்கலத்துப் பெண்ணுக்குச் சொன்னேனே, ஹிஸ்டோனிலிருந்து ஒட்டைப் பிய்க்கும் நொதி, அதன் கையை பியூட்டிரேட்டும் கட்டுகிறது. 1970-களின் கடைசியிலேயே, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் இதைப் பார்த்துவிட்டார்கள். ஒட்டுகள் சேர்ந்துகொண்டே போயின, மூடிக்கிடந்த சில மரபணுக்கள் திறந்தன.

அதற்காகக் களி இன்ன நோயைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தட்டில் வளர்த்த செல் வேறு, அவ்வாவின் குடல் வேறு. ஆனால் அந்தக் களியும் கொள்ளுக் கடைசலும் கீரையும் கலந்த சாப்பாடு, ஒரு சிறு லிப்பிடாக மாறி, உள்ளே மரபணுவின் வாசல் வரை போகிறது என்பதை அவ்வாவிடம் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் களி உருண்டையின் அளவு மட்டும் கவனம்.

கிருஷ்ணகிரியிலிருந்து லேப் டெக்னீஷியன் ஒருவர்: "மேடம், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத ஒரு இளைஞரின் ரத்த ஸ்மியரைப் பார்த்தேன். நியூட்ரோபில் எல்லாவற்றிலும் உட்கரு இரண்டே மடலாக, மூக்குக்கண்ணாடி மாதிரி இருந்தது. கடும் தொற்றாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். காய்ச்சல்கூட இல்லை. இது உங்கள் லிப்பிட் பேச்சோடு சம்பந்தப்பட்டதா?"

சம்பந்தப்பட்டதுதான். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, லீஷ்மேன் சாயம் போட்டு, ஆயில் லென்ஸில் பொறுமையாகப் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. எண்ணி முடித்து அடுத்த ஸ்லைடுக்குப் போவது சுலபம், நின்று சந்தேகப்படுவது கடினம்.

நியூட்ரோபில் என்பது ஒரு வகை ரத்த வெள்ளையணு. நல்ல நியூட்ரோபிலின் உட்கரு மூன்று நான்கு மடலாகப் பிரிந்திருக்கும். தொற்று அதிகமானால் முதிராத செல்கள் வெளியே வரும், மடல் குறைவாகத் தெரியும். அதனால்தான் அந்தச் சந்தேகம். ஆனால் தொந்தரவே இல்லாதவருக்கு எல்லாச் செல்லும் மூக்குக்கண்ணாடி போலவும், குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் ஹிஸ்டோனும் சேர்ந்த சுற்று) கட்டி கட்டியாகவும் இருந்தால், பெல்ஜர்-ஹூவெட் அமைப்பாக இருக்கலாம். 1928-இல் நெதர்லாந்து மருத்துவர் பெல்ஜர் இதை முதலில் விவரித்தார். கொஞ்ச காலம் கழித்து ஹூவெட், இது குடும்பத்தில் இறங்கி வருவது என்று காட்டினார்.

காரணம் 2002-இல் தெரிந்தது: லாமின் பி ஏற்பி என்ற புரதத்தின் மரபணுவில் மாற்றம். அந்தப் புரதம் உட்கருவின் உள்சவ்வில் பதிந்திருக்கிறது. அதன் ஒரு முனை, இறுக்கமாகச் சுற்றப்பட்ட குரோமாட்டினைச் சவ்வோரமாகப் பிடித்துக் கட்டுகிறது. அப்படி ஓரத்தில் கட்டப்பட்ட மரபணுக்கள் பெரும்பாலும் மௌனமாக இருக்கும். இன்னொரு முனை என்ன செய்கிறது தெரியுமா? கொலஸ்டிரால் தயாரிப்பில் ஒரு படியைச் செய்கிற நொதி அது. ஒரே புரதம், ஒரு கையில் மரபணு, மறு கையில் கொலஸ்டிரால். இதை முதன்முதலில் வாசித்த அன்றுதான் என் பழைய நோட்டு வரியின் மேல் எனக்குச் சந்தேகமே வந்தது. சவ்வு என்பது சுவர் என்றும், மரபணு என்பது அதற்குள் பூட்டி வைத்த பொருள் என்றும் பிரித்தே சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே இரண்டும் ஒரே மூலக்கூறில் கைகோத்து நிற்கின்றன.

மரபணுவின் ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் ஆள் நலமாகவே இருப்பார், ஸ்மியரில் மட்டும் தெரியும். இரண்டு பிரதிகளும் கடுமையாகப் பழுதானால், எலும்பு வளர்ச்சி குலைந்து குழந்தை கருவிலேயே இறந்துபோகும் கிரீன்பெர்க் குறைபாடு வரக்கூடும். அதனால் இப்படி ஒருவர் சொந்தத்தில் பெண் எடுக்கப் போகிறார் என்றால் முன்கூட்டியே ஒரு மருத்துவரைப் பார்த்துப் பேசுவது நல்லது. நம் பக்கம் அத்தை மகள், மாமன் மகள் கட்டுவது சாதாரணம் என்பதால் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. சில மருந்துகளாலும், எலும்பு மஜ்ஜைக் கோளாறுகளாலும் இதே தோற்றம் பிற்பாடு வரலாம். ஆகவே பெயரை நீங்களே எழுதிவிடாமல், "பெரும்பாலான நியூட்ரோபில்கள் இரு மடல் கொண்டவை" என்று கண்டதை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதி, மருத்துவரிடம் நேரில் சொல்லுங்கள். அந்த இளைஞரின் அப்பா அம்மாவிடமிருந்தும் ஒரு துளி ரத்தம் வாங்கி ஸ்மியர் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இருவரில் ஒருவருக்கு அதே மூக்குக்கண்ணாடி தெரிந்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது. அதுவரை அந்த ஸ்லைடைக் கழுவிவிடாமல், தேதி எழுதி எடுத்து வையுங்கள்.